வாசலில் சொட்டிய ஆயில்



ஆயுத பூஜையன்று அண்ணனுடைய அம்பாசடருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஒரு படம் போட்டிருந்தேன். "சார், அது இன்னும் ஓடுதா?" என்று முப்பது பேருக்கு மேல் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் மொத்தமாக எழுதுகிறேன்.

ஓடுகிறது. ஆனால் போன வருஷம் அது பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்தது. அந்த வண்டியை வைத்து ஒரு நல்ல மனிதரிடம் நான் நடந்துகொண்ட விதமும் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் பாதிதான் எழுதியதாக ஆகும். கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன் என்று என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா என்ன.

வண்டி 1983 மாடல், மார்க் 4, பெட்ரோல். அண்ணன் துறையூரில் டாக்ஸி ஓட்டினார். 1976-ல் நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது அவருக்குச் சொந்த வண்டி கிடையாது. இன்னொருவர் வண்டியில் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை ஹாஸ்டலுக்கு வந்து மெஸ் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அந்த நோட்டுகளில் கிரீஸ் கறை இருக்கும். மெஸ் மேனேஜர் ஓரத்தைப் பிடித்து வாங்குவார். பிறகு அண்ணன் இந்த அம்பாசடரைப் பழசாக வாங்கினார். வயதான காலத்தில் டாக்ஸி பர்மிட்டை விட்டுச் சொந்த உபயோகத்துக்கு மாற்றினார். 2019-ல் அவர் காலமானதும், ஓசூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் அண்ணன் மகன், "சித்தப்பா, இங்க நிறுத்த இடமில்ல, நீங்களே வச்சுக்குங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டான்.

நம் ஊர் வண்டி என்று நாம் கொண்டாடும் அம்பாசடர், பிறப்பில் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை அதைச் செய்துகொண்டிருந்தது. என் வண்டியில் இருப்பது பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்த 1489 சிசி பி சீரிஸ் எஞ்சின். வார்ப்பிரும்புக் கட்டை. கரடுமுரடான வேலைக்காரன் மாதிரி, சோறு கிடைத்தால் போதும், உழைக்கும். ஆனால் வியர்க்கும். அதாவது ஆயில் கசியும். அம்பாசடர் வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். எந்த அளவுக்குக் கசிந்தால் அது வியர்வை, எந்த அளவுக்கு மேல் போனால் வியாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இரண்டு வருஷம் முன்பு எனக்கு இரண்டு கண்ணிலும் அடுத்தடுத்துப் புரை ஆபரேஷன் நடந்தது. ஐந்து மாதம் வண்டியைத் தொடவில்லை. பிறகு எடுத்தபோது முதல் வேலையாக, அண்ணனுக்கு இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்த மெக்கானிக் பாயிடம் கொண்டுபோய் விட்டேன். ஆயில் மாற்றினார், ஃபில்டர் போட்டார், பிளக் சுத்தம் செய்தார். பில்லில் எல்லாம் தனித்தனியாக எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: ஆயில் பிளக்குக்குச் செம்பு வாஷர், இருபது ரூபாய்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு ஆசை. புதுக் கண் கிடைத்த உற்சாகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மேலே 'டக் டக்' என்று சத்தம் வருகிறதே, டேப்பட்டை நாமே சரி பார்ப்போம் என்று வீடியோ பார்த்துப் படித்து, டேப்பட் கவரைக் கழற்றி, ஃபீலர் கேஜ் விட்டு, எட்டு வால்வையும் சரிசெய்தேன். மூடும்போது இரண்டு நட்டையும் நன்றாக முடுக்கினேன். "நன்றாக" என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்தில் போர்டிகோ டைல்ஸில் உள்ளங்கை அளவுக்குக் கறை. இரண்டாவது வாரம் தாம்பாளம் அளவு. என் வீட்டுக்காரம்மா கோலமாவு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிற்பே போதும், வாயைத் திறக்கத் தேவையில்லை. முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுவதற்குள் டிப் ஸ்டிக்கில் அரை லிட்டர் குறைந்திருந்தது. இந்த எஞ்சினுக்குள் இருப்பதே நாலு லிட்டர் சொச்சம்தான்.

குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எஞ்சினின் அடிப்பக்கம் முழுவதும் ஈரம். ஆயில் பிளக்கிலும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக அந்த இடத்தில் கை வைத்தது யார்? பாய். முடிந்தது விசாரணை.

நேராக அவர் பட்டறைக்குப் போனேன். மூன்று பையன்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டேன்: "பழைய வாஷரையே போட்டுட்டு புதுசுக்குக் காசு எழுதியிருக்கீங்க. இருபது ரூபாய்க்கு ஏமாத்துறீங்களே பாய்." வகுப்பறைக் குரல். நாற்பது பேருக்குக் கேட்கிற குரல். பையன்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அவர் ஒன்றும் பேசவில்லை. பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்தார். மேசை டிராயரைத் திறந்து இருபது ரூபாய் எடுத்து நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

கோபத்தில் கத்தியதை விட்டுவிடலாம். அந்த இருபது ரூபாயை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பிறகு திருச்சியில் ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஜாக்கி போட்டுத் தூக்கி ஐந்து நிமிஷம் பார்த்தார்கள். "பின்பக்கம் ஆயில் வருது, எஞ்சினை இறக்கணும், நாற்பதாயிரம் ஆகும், பார்ட்ஸ் தனி" என்றார்கள். பென்ஷன்காரன். மருமகளின் பிரசவச் செலவு வேறு முன்னால் நின்றது. அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன். "எடைக்குப் போட்டுடலாம் சித்தப்பா, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்றான். அப்பா சொல்ல மாட்டார்தான். எப்படிச் சொல்வார்?

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அண்ணனின் டூல் பெட்டியைத் திறந்தேன். அடியில், ஆயில் ஊறிப்போன ஒரு மேனுவல் பிரதி. அதற்குள் அண்ணன் கையெழுத்தில் அங்கங்கே பென்சில் குறிப்பு. நான்காம் வகுப்போடு நின்றவர். 'ற'வுக்கு 'ர' போட்டு எழுதியிருந்தார். ஒரு இடத்தில், "மேலே பார், அப்புரம் கீழே பார்" என்று இருந்தது.

அவ்வளவுதான் விஷயம். ஆயில் சொட்டுகிற இடம் வேறு, கிளம்புகிற இடம் வேறு. எஞ்சினின் உச்சியில் ஒரு மூலையில் கசிந்தாலும் அது தலையின் பின்புறமாக வழிந்து, கட்டையில் இறங்கி, பெல் ஹவுஸிங்கைச் சுற்றிக்கொண்டு, எது தாழ்ந்த இடமோ அங்கே வந்துதான் சொட்டாகும். வண்டி ஓடும்போது காற்றும் அதைப் பின்னால் தள்ளும். ஆக எந்தக் கசிவானாலும் பார்க்கிறவனுக்குக் கடைசியில் "பின்பக்கம், அடியில்" என்றுதான் தெரியும். கூரை ஓட்டில் எங்கோ விரிசல், சொட்டுவது சுவரோரம் என்பதை ஓட்டு வீட்டில் வளர்ந்த நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? ஆனால் மறந்துபோகிறது.

மறுநாள் காலையில் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் கார்புரேட்டருக்கும் பாலிதீன் பை கட்டினேன். டீசலும் பெயிண்ட் பிரஷ்ஷுமாக எஞ்சினை மேலிருந்து கீழ்வரை தேய்த்தேன். நாற்பது வருஷ அழுக்கு, ரம்பம் வைத்து அறுக்கலாம் போல இருந்தது. சோப்புத் தூள் தண்ணீர் விட்டுக் கழுவி, அரைநாள் வெயிலில் பானெட்டைத் திறந்து காயவிட்டேன். பிறகு முகத்துக்குப் போடும் பவுடர் ஒரு டப்பா வாங்கி வந்து, எஞ்சின் மேல் முழுக்கத் தூவினேன். தெருவில் போன ஒருவர், "என்ன சார், வண்டிக்கு மேக்கப்பா?" என்றார். வெள்ளைப் பவுடரில் ஆயில் பட்டால் கறுப்புக் கோடாகத் தெரியும். கோட்டின் தலை எங்கே இருக்கிறதோ அதுதான் ஊற்று. ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் விட்டு, நிறுத்தி, ஷேவிங் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தேன்.

முதல் கோடு, டேப்பட் கவரின் பின் மூலையிலிருந்து இறங்கியிருந்தது.

கழற்றிப் பார்த்தேன். கார்க் பேக்கிங் அப்பளமாக நசுங்கி, பின் மூலையில் பிய்ந்திருந்தது. தகட்டு மூடியின் விளிம்பே வளைந்திருந்தது. நான் "நன்றாக" முடுக்கியதன் விளைவு. கார்க் என்பது பூப்போலப் பிடிக்க வேண்டிய பொருள். தொட்ட பிறகு அரைச் சுற்று, முக்கால் சுற்று, அதற்கு மேல் திருப்பினால் அது அடைக்காது, பிதுங்கும். கசிகிறதே என்று மேலும் முடுக்கினால் மேலும் கசியும்.

அடுத்து அடியில் படுத்து ஆயில் பிளக்கைப் பார்த்தேன். மேலிருந்து இறங்கிய கோடு அதன் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. பிளக்கைச் சுற்றி மட்டும் பவுடர் வெள்ளை வெளேரென்று, தூவியது தூவியபடி இருந்தது. ஓரத்தில் பாய் போட்ட செம்பு வாஷர், புத்தம் புதுசாக மின்னியது.

முதுகு வலிக்காகவும் இல்லை, வேறு எதற்காகவும் இல்லை, கொஞ்ச நேரம் அப்படியே வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன்.

புதுப் பேக்கிங் செட், சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து வந்தது. வாங்கி அனுப்பியது நம் 1994 செட் மாணவர் ஒருவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், போடவில்லை. ஆனால் கணக்குப் பரீட்சையில் நான் குறைத்த ஐந்து மார்க்கை இன்றைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளவும். மூடியின் விளிம்பை மரக்கட்டையில் வைத்து மெல்லத் தட்டி நேராக்கினேன். பேக்கிங்கை மூடிப் பக்கம் மட்டும் ஒட்டினேன். எஞ்சின் பக்கம் ஒட்டினால் அடுத்த முறை கழற்றும்போது பிய்யும். அனபாண்ட் பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலர் பேக்கிங் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் அதைப் பிதுக்கி வைத்துவிடுகிறார்கள். உள்ளே பிதுங்கிய பசை காய்ந்து உதிர்ந்து, சேம்பரில் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால், கசிவை நிறுத்தப் போய் எஞ்சினையே நிறுத்தியதாகிவிடும்.

கசிவு பாதியாகக் குறைந்தது. நிற்கவில்லை.

மறுபடி கழுவு, மறுபடி பவுடர். இந்தத் தடவை விசித்திரம். மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் சைடு கவர் இரண்டிலும் ஈரம். டிப் ஸ்டிக் துளையைச் சுற்றி ஈரம். முன்பக்கம் புல்லி ஓரத்திலும் லேசாக ஈரம். நாலு இடத்தில் ஒரே மாதத்தில் பேக்கிங் போகுமா? நாலு பிள்ளைகள் ஒரே நாளில் வயிற்றுவலி என்று லீவு கேட்டால், வயிற்றைப் பார்ப்பதா, பள்ளிக்கூடத்துக்கு வெளியே வந்திருக்கும் சர்க்கஸைப் பார்ப்பதா?

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். 'புஸ் புஸ்' என்று முகத்தில் அடித்தது. கண்ணாடி முழுக்க ஆயில் பொட்டு. காபி கொண்டுவந்த வீட்டுக்காரம்மா ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "என்னங்க, விசில் அடைச்சுக்கிட்ட குக்கர் மாதிரில்ல இருக்கு? அதான் சுத்தி சுத்திக் கக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சரியாகச் சொல்லிவிட்டாள். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கும். தேய்ந்த எஞ்சினில் இன்னும் அதிகமாக இறங்கும். அது வெளியேற இந்த எஞ்சினில் இரண்டு வழி உண்டு. டேப்பட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ரப்பர் குழாய் ஒன்று. முன் சைடு கவரிலிருந்து தரையை நோக்கி இறங்கும் இரும்புக் குழாய் ஒன்று. இரண்டும் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கெல்லாம் பேக்கிங் இளைத்திருக்கிறதோ அங்கெல்லாம் ஆயிலைத் தள்ளும். புதுப் பேக்கிங் போட்டாலும் தள்ளும்.

மேல் குழாயைத் தேடினேன். குழாயே இல்லை. எப்போதோ வெடித்துப்போயிருக்க வேண்டும். அந்த மூக்கில் ஒரு சைக்கிள் டியூப் துண்டை நாலாக மடித்து, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அந்தக் கட்டைப் பார்த்தாலே யார் கட்டியது என்று தெரியும். எங்கள் வீட்டுக் கிணற்று வாளிக்கு, என் பெட்டிக்கு, எல்லாவற்றுக்கும் அண்ணன் போடுகிற இரட்டை முறுக்கு. ஒரு வழி அடைபட்டாலும் இன்னொரு வழி திறந்திருந்ததால் அத்தனை வருஷமும் ஓடியிருக்கிறது.

கீழ்க் குழாயின் வாயில் விரலை வைத்தேன். கெட்டியாக இருந்தது. சைக்கிள் போக்ஸ் கம்பியால் குத்தினேன். செம்மண் உதிர்ந்தது. மண்ணோடு காய்ந்த சிலந்திகள். குளவிக் கூடு! நான் கண்ணில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த ஐந்து மாதத்தில், அந்தக் குளவி குஞ்சுக்குச் சிலந்தி பிடித்து வைத்து, மண் பூசிக் குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது. நாற்பதாயிரம் ரூபாய் செலவின் முக்கால் பங்கு அந்த மண் உருண்டை.

கீழ்க் குழாயைச் சுத்தம் செய்தேன். மேலே புதுக் குழாய் போட்டேன். அண்ணனின் டியூப் துண்டை அவிழ்க்காமல் அப்படியே கத்தரித்து, டூல் பெட்டியில் வைத்திருக்கிறேன். மூன்று நாள் ஓட்டிப் பார்த்தேன். சைடு கவர் காய்ந்தது, டிப் ஸ்டிக் காய்ந்தது. அடியில் மட்டும், பெல் ஹவுஸிங்கின் கீழ்த் துளையில் ஆடும் காட்டர் பின்னில், காலையில் எழுந்து பார்த்தால் நாலைந்து சொட்டு. அது வெளியிலிருந்து வழிந்தது இல்லை. பவுடரில் கோடு இல்லை. உள்ளிருந்துதான் வருகிறது. அப்படியானால் அந்தப் பட்டறைக்காரர்கள் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. யாருக்குத் தெரியும் என்பது தெரியும்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். வெட்கம்தான். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, பையன்கள் மூன்று பேரும் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். யார் முன்னால் சொன்னேனோ அவர்கள் முன்னால்தானே திருப்பிச் சொல்ல வேண்டும்? பாய் ஒரு ஜீப்புக்கு அடியில் இருந்தார். கால் மட்டும் தெரிந்தது. காலைப் பார்த்தே சொன்னேன்: "பாய், வாஷர் புதுசுதான். தப்பு என்மேல. டேப்பட் கவரை நான்தான் முடுக்கிக் கெடுத்தேன். உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கீழேயிருந்து, "சார், அந்த ஒன்பதுக்குப் பதினாறு ஸ்பேனரை எடுங்க" என்றார். எடுத்துக் கொடுத்தேன். வேலையை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். இருபது ரூபாயை நீட்டினேன். "வேணாம் சார்" என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. வாங்கி டிராயரில் போட்டார். "உங்க அண்ணன் இருந்திருந்தா உங்களைத்தான் திட்டியிருப்பார்" என்றார்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. வண்டி நிற்கும் விதத்தைப் பார்த்தார். எங்கள் வீடு தெருவைவிட இரண்டடி உயரம். சாய்தளத்தில் நேராக ஏற்றி நிறுத்துவதால் மூக்கு மேலே, வால் கீழே.

"சார், இந்த எஞ்சினுக்குப் பின்னாடி ரப்பர் சீலே கிடையாது. கிராங்க்லயே திருகு மறை மாதிரி வெட்டியிருக்கும். சுத்தும்போது அந்த மறை ஆயிலை உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும். நின்னுட்டா தள்ள முடியாதுல்ல? நீங்க வாலை வேற கீழ வச்சு நிறுத்துறீங்க. ஆயில் எங்க போகும்?" என்றார்.

முப்பத்தெட்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒரு பாடத்தைச் சொல்லி முடித்ததாக ஞாபகம் இல்லை. எஞ்சின் இறக்கி என்ன மாற்றியிருப்பார்கள் என்று கேட்டேன். "பேரிங் ரொம்பத் தேஞ்சிருந்தா அந்த மறைக்குச் சுத்தி இடைவெளி கூடியிருக்கும், அப்ப இறக்கித்தான் ஆகணும். உங்களுக்கு ஆயில் பிரஷர் நல்லா நிக்குது. இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்றார். சாவியை வாங்கி, வண்டியை வெளியே எடுத்து, ரிவர்ஸில் ஏற்றி, மூக்கு தெருவைப் பார்க்க நிறுத்தினார். காசு வாங்கவில்லை. காபி குடித்தார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு சொட்டு, மூன்று சொட்டு. அதற்கு ஒரு பழைய எவர்சில்வர் தட்டு வைத்திருக்கிறேன். ஆயுத பூஜைப் படத்தில் வண்டி ஏன் தெருவைப் பார்த்து நிற்கிறது, வாஸ்துவா என்று சின்ன மாமா கேட்டிருந்தார். இல்லை மாமா, இதுதான் காரணம்.

அடுத்த மாதம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். கூட வருவதாகப் பாய் சொல்லியிருக்கிறார். போவதற்கு முன்னால் டேப்பட் கவரை ஒருமுறை திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "நீங்க தொடாதீங்க சார்" என்றார்.